குளிருது, அதான் கத்துது

டிரான்சிஸ்டரைத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். இதை உங்களுக்கு வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நீங்கள் என்னைப்போலக் கடைசி பெஞ்சில் தூங்கியிருப்பீர்கள்.

மற்ற சாமான்கள் நேர்மையானவை. டையோடைத் திருப்பி மாட்டினால் கரண்டுக்கு வழி விடாது. கெப்பாசிட்டரைத் திருப்பி மாட்டினால் வெடிக்கும். என் இடது புருவத்தில் ஒரு இடத்தில் முடி முளைப்பதில்லை. அந்தப் பாடத்துக்கு நான் வாங்கிய சர்டிபிகேட் அதுதான். ஆனால் டிரான்சிஸ்டர் வேற மாதிரி. அதற்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால். கலெக்டர் இருக்கவேண்டிய இடத்தில் எமிட்டரும், எமிட்டர் இடத்தில் கலெக்டருமாக மாட்டிவிட்டால் அது செத்தும் போகாது, சண்டையும் போடாது. நொண்டிக்கொண்டே வேலை பார்க்கும். பேஸில் ஒரு பங்கு கரண்ட் கொடுத்தால் கலெக்டரில் இருநூறு பங்கு விடக்கூடிய ஆள், திருப்பி நிறுத்தினால் பத்தோ பதினைந்தோதான் விடுவான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ரேடியோவில் ஆரம்பித்து, டிவி, ஸ்டெபிலைசர், கடைசியில் ஆஸ்பத்திரி சாமான்கள் வரைக்கும். இப்போது கடை இல்லை. கை நடுங்குகிறது, ஈயம் வைக்கச் சொன்னால் கோலம் போடுகிறேன். அதனால்தான் இந்தத் தொழிலைப் படிக்க வந்த உங்களுக்குப் புத்தி சொல்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குக் கை நடுங்கினால் பரவாயில்லையாம்.

சிரிப்பு வரும்படி சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. இன்றைக்கு அவற்றைச் சொல்லப் போவதில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், பிரசவ அறையில் இரண்டு கட்டில், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ். நர்ஸ் பெயர் ஸ்டெல்லா. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று காலையிலும் சாயங்காலம் நாலு மணிக்கும் பார்த்து நோட்டில் ஏற்றுவார். பல்லி செத்து விழுந்தால்கூடத் தேதி போட்டு எழுதுகிற ஆள் என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார். என் கிண்டலுக்கு நன்றாகச் சிரிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் ஒருநாள் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து என் கடைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். ரிலேவை இழுக்கிற டிரான்சிஸ்டர் போயிருந்தது. ரிலே இழுத்தால்தான் ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் போகும். குண்டுமணி அளவுச் சாமான், ஐந்து நிமிஷ வேலை. பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"அந்த நம்பர் இல்லண்ணே. இந்த நம்பர்தான் கீது. அதே வேலதான் செய்யும்."

"கால் வரிச?"

"அதேதாண்ணே. நீங்க பாக்காததா?"

நான் பார்க்கவில்லை. மூன்று கால், ஒரு தட்டையான முகம். பழையது எப்படிப் பார்த்து நின்றதோ அப்படியே புதியதையும் நிறுத்தினேன். அந்தப் புது நம்பருக்குக் கால் வரிசை தலைகீழ். பேஸ் மட்டும் நடுவில் இருப்பதால் அது சரியாக விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் இடம் மாறிவிட்டன.

மேஜைமேல் வைத்து, நூறு வாட் பல்பை லோடாக மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். கட் என்று ரிலே இழுத்தது. பல்பு எரிந்தது. எரியுதா, எரியுது, மூடு.

இதிலே என்ன தப்பு என்று உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். டவுனில் அப்போது முழு வோல்டேஜ். பேஸுக்கு இரண்டு மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே போனது. நொண்டி டிரான்சிஸ்டர் அதைப் பதிமூன்று மடங்காக்கி, ரிலே சுருளுக்கு முப்பது மில்லி பக்கம் விட்டது. ரிலேவுக்கு அது போதும். மலையில் சாயங்காலம் எல்லா வூட்டிலும் விளக்கு ஏறினால் வோல்டேஜ் படுத்துவிடும். அங்கே இது என்ன செய்யும் என்று வோல்டேஜை இறக்கிப் பார்க்க என்னிடம் வேரியாக் இருந்தது. நல்ல கனமான வேரியாக். அதன் தலை தட்டையாக இருந்ததால் அதன்மேல் டீ டம்ளர் வைத்திருந்தேன். டீயை எடுக்கச் சோம்பல்.

பேஸில் எவ்வளவு, கலெக்டரில் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்திருந்தாலும் போதும். 'எரியுதா' என்று கேட்டால் எரியுது என்றுதான் பதில் வரும். 'எவ்வளவு' என்று நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். கடையில் அப்போது நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாலு பேர் போதும், கச்சேரி ஆரம்பித்துவிடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, உங்க பொட்டி கத்துதுண்ணே."

"கத்துற பொட்டி ஒண்ணு எங்க வூட்லதான கீது? அத்த நான் மலைக்கு அனுப்பலயே."

கடையில் சிரிப்பு. போனிலும் சிரிப்பு.

"தமாஸ் பண்ணாதீங்கண்ணே. கடகடகடன்னு, பல்லு அடிச்சிக்கிற மாதிரி கத்துது."

"மலைல குளுரு ஜாஸ்தி இல்லியா சிஸ்டர்? அதுக்குக் குளிருது, அதான் கத்துது. ஒரு கம்பளி போத்தி வுடுங்க, செரியாப் பூடும்."

மறுபடியும் சிரிப்பு. பிறகு, ஏதோ வேலையும் பார்க்கிறவன் மாதிரி, "கூலிங் இன்னா கீது?" என்று கேட்டேன்.

"காலைல பாத்தேன், ஆறு டிகிரி. நல்லாத்தான் கீது."

"அப்பறம் இன்னா? வுடுங்க."

வைத்துவிட்டார். நான் கடையில் இருந்தவர்களுக்காகப் பல் அடித்துக்கொள்வதுபோல நடித்தும் காட்டினேன்.

இந்த இடத்தில் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். எத்தனை மணிக்குக் கத்துது? கேட்டிருந்தால், 'சாயங்காலம் ஆறு ஆறரைக்கு மேலண்ணே' என்று சொல்லியிருப்பார். அதற்குமேல் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறது, பேஸ் கரண்ட் குறைகிறது, ரிலே பிடித்தும் பிடிக்காமலும் நிற்கிறது. பிடித்தால் கம்ப்ரஸர் கிளம்புகிறது. கிளம்பினவுடன் வோல்டேஜ் இன்னும் படுக்கிறது, ரிலே விட்டுவிடுகிறது. விட்டால் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. அதுதான் அந்தப் பல் அடிக்கிற சத்தம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடாது. விடிந்தால் வோல்டேஜ் வந்துவிடும், ஃபிரிட்ஜும் ஓட ஆரம்பித்துவிடும். சிஸ்டர் ஒன்பது மணிக்குத் திறந்து பார்க்கும்போது ஆறு டிகிரி. நாலு மணிக்கும் ஆறு டிகிரி. நோட்டில் ஒரு குறையும் இருக்காது.

மூன்று வாரம் போனது. ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று வேலை செய்யவில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுகிற பஸ்ஸில் போய், நாலரை மணிக்கு இறங்கினேன். டாக்டர் கீழே ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். பிரசவ அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வராந்தாவில் ஒருத்தர் குந்தியிருந்தார். பெயர் வெள்ளையன். உள்ளே இருந்தது அவர் சம்சாரம் சின்னப்பொண்ணு.

"தலச்சனா?" என்றேன்.

"ரெண்டாவதுங்க. மூத்தவன் எங்கம்மாகிட்ட கீறான்."

"அப்ப ஏன் இப்பிடி மூஞ்சிய வெச்சிக்கினு கீற? பழகினதுதான?"

சிரித்தார். சாமை அறுப்புக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசினோம். ஆறு மணிக்குக் குழந்தை அழுத சத்தம் கேட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் கதவைத் திறந்து, "பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடினார். வெள்ளையன் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார், யாரோ போட்டோ எடுக்கப்போகிறமாதிரி.

அப்போது விளக்கு மங்கியது. மருந்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கடகடகடகட.

சத்தம் கேட்ட அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்டெபிலைசரைத் திறந்து மீட்டரை வைத்தேன். பேஸ் ரெசிஸ்டரில் வோல்டேஜைப் பார்த்து வகுத்தால் ஒன்றரை மில்லி. ரிலே சுருளில் பார்த்து வகுத்தால் இருபது மில்லி. ஒன்றுக்குப் பதிமூன்று. எந்த நல்ல டிரான்சிஸ்டரும் அப்படி இருக்காது. அதைத் திருப்பி மாட்டின கழுதைக்குத்தான் அப்படி ஒரு கணக்கு வரும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டேன். யாரும் பார்ப்பதற்குள் அதைக் கழற்றி, சாமான் பையிலிருந்த சரியான நம்பரைச் சரியாக மாட்டி, கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆனது. நடுவில் சிஸ்டர் ஓடி வந்து, "அண்ணே, தள்ளுங்க" என்று ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் தள்ளி நின்றேன். வேலையை எங்கே பார்த்துவிடுவாரோ என்று போர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

முடித்து, பிளக்கை மாட்டினேன். ஒரே கட். அந்த மங்கின வோல்டேஜிலும் ரிலே கல்லுமாதிரி பிடித்தது. கம்ப்ரஸர் ஓடியது. எனக்குச் சந்தோஷம். தப்பு நடந்ததும் தெரியாது, சரி செய்ததும் தெரியாது.

அடுத்த அறையிலிருந்து சிஸ்டர் குரல் கேட்டது. உதவிக்கு நின்ற ஊர்க்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு. இன்னும் சுருங்கலயே. இன்னாது இது."

பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்காக ஒரு ஊசி போடுவார்கள். அது சில்லென்று இருந்தால்தான் மருந்து. சூட்டில் கிடந்தால் போகப்போக வீரியம் போய்விடும். எனக்கு அது தெரியும். இந்த ஃபிரிட்ஜை அங்கே வைத்த அன்றைக்கே சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு அது வரைக்கும் ஃபிரிட்ஜ் என்றால் ஒரு லோடு. அவ்வளவுதான். கரண்ட் பேஸில் போகும், கலெக்டரில் போகும், இரண்டும் சேர்ந்து எமிட்டரில் வெளியே வரும், அதோடு என் வேலை தீர்ந்தது. எமிட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பி இருக்கிறது, குப்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள இருக்கிறாள் என்று நான் யோசித்ததே கிடையாது.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேலே ஐஸ் தட்டு காலி. கீழே, காய்கறி வைக்கிற இடத்தில், அரை ஜாண் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. பகலில் மேலே பிடித்த ஐஸ் ராத்திரி உருகிக் கீழே ஓடி, அப்படிப் பல நாளாகச் சேர்ந்த தண்ணீர்.

பிரசவ அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே பார்க்கவில்லை.

"சிஸ்டர். ஃபிரிட்ஜ்ல இருந்த மருந்த நம்பாதீங்க. தினம் ராத்திரி ஓடாம கெடந்திருக்குது."



"எத்தினி நாளா?"

"நீங்க போன் பண்ணீங்களே. அதுக்கும் முன்னாலேர்ந்து."

திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. "அலமாரி மேல் தட்டுல மாத்திர டப்பா கீது, எடுங்க. வண்டிக்குச் சொல்லுங்க" என்றார். அதே வேலையைச் செய்கிற அந்த மாத்திரைக்கு ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை. அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே நான் வாயைத் திறந்திருந்தால் மாத்திரை இருபது நிமிஷம் முன்னால் உள்ளே போயிருக்கும்.

ஆம்புலன்ஸ் கீழே எங்கேயோ இருந்தது. மரவள்ளி ஏற்ற வந்த ஜீப் ஒன்று கிடைத்தது. பின்னால் பாய் விரித்துச் சின்னப்பொண்ணைப் படுக்க வைத்தோம். சிஸ்டர் அவள் அடிவயிற்றின்மேல் கைமுட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு, மலை இறங்கும் வரைக்கும் எடுக்கவே இல்லை. வளைவுக்கு வளைவு ஜீப் ஆடியது, அவர் கை ஆடவில்லை. வெள்ளையன் குழந்தையை வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னால் முடிந்தது குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது. இத்தனை வருஷத் தொழில் அனுபவத்தோடு ஒரு ஆணி செய்யவேண்டிய வேலையை நான் செய்தேன்.

பாதி மலையில் சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து பார்த்தாள். சிஸ்டரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே இருந்த என்னைத்தான் பார்த்தாள்.

"குளிருதுங்க" என்றாள்.

அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. ரத்தம் குறைந்தால் அப்படி ஆகும் என்று பிறகு சொன்னார்கள். போர்த்த ஒன்றும் இல்லை. மரவள்ளிச் சாக்கு இருந்தது. அதைப் போர்த்திவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் சேர்த்தோம். ரத்தம் ஏற்றினார்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

பெரிய டாக்டர் ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார், நல்ல மருந்தாக இருந்தாலும் சில பேருக்கு நிற்காது என்று. ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மைக்குச் சொன்னாரா என்று தெரியாது. நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை. பாதி எண்கள் இல்லாத கணக்கு அது.

விசாரணை வைத்தார்கள். புது மாவட்டம், புது ஆபீஸ், சுவரில் பெயின்ட் வாசனை. ஸ்டெல்லா சிஸ்டரைத்தான் முதலில் நிற்க வைத்தார்கள். கெட்டுப்போன மருந்தைப் போட்டது யார், சோதிக்காமல் ஏன் போட்டீர்கள், ஃபிரிட்ஜ் பழுது என்று ஏன் மேலே தெரிவிக்கவில்லை. அவர் வேலை போகிற மாதிரிதான் பேச்சு போனது. அவர் நோட்டை மட்டும் எடுத்து நீட்டினார்.

என்னிடம் வந்தார்கள். விசாரித்த அதிகாரி நல்ல மனுஷன்தான். "மலைல லோ வோல்டேஜ். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. யாருக்கும் ஜாஸ்தி தொந்தரவு இருக்காது" என்றார்.

உண்மையில் பாதி அது. லோ வோல்டேஜ் இருந்தது. சரியாக மாட்டின டிரான்சிஸ்டர் அதே லோ வோல்டேஜில் கல்லுமாதிரி பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதை வேறு யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே இருந்த அந்த மூன்று கால் சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"இத்த நான் திருப்பி மாட்டிட்டேன் சார்."

"திருப்பி மாட்டினா வேலை செய்யாதே?"

"செய்யும் சார். அதான் பிரச்சினையே."

அவருக்கு விளங்கும்படி ஒன்றுக்கு இருநூறு, ஒன்றுக்குப் பதிமூன்று என்று சொன்னேன். சிஸ்டர் போன் செய்ததையும், நான் போய்ப் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன். அதிகாரி சிஸ்டரின் நோட்டைப் புரட்டி அந்தத் தேதியைத் தேடி எடுத்து, சத்தமாகப் படித்தார்.

"காலை ஆறு டிகிரி. மாலை ஆறு டிகிரி. ஸ்டெபிலைசர் கடகடவென்று கத்துகிறது. மெக்கானிக்குக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. 'குளிருது, அதான் கத்துது, கம்பளி போத்தி வுடுங்க' என்றார்."

படித்துவிட்டு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிளார்க் பார்த்தார். என் தமாஷைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்காத முதல் இடம் அதுதான்.

"நீங்க சொன்னதுதானா?"

"நான் சொன்னதுதான் சார்."

அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலை எதுவும் என்னிடம் வரவில்லை. வரக்கூடாது என்பதுதான் சரி. சிஸ்டருக்கு வேலை போகவில்லை. தூரமாக மாற்றிவிட்டார்கள். குற்றம் இல்லையென்றால் மாற்றுவானேன் என்று கேட்க ஆள் இல்லை.

நீங்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ சாமான் கற்றுக்கொள்வீர்கள். நான் பார்க்காத சிப்பெல்லாம் உங்கள் கையில் வரும். ஆனால் யாராவது போன் செய்து, ஏதோ சத்தம் வருது என்று சொன்னால், தயவு செய்து முதலில் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தமாஷைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். போன் செய்கிற ஆளுக்கு உங்களைப் பிடித்திருந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள்மேல் பிரியம் உள்ளவர்கள் இரண்டாவது தடவை போன் செய்ய மாட்டார்கள்.

விசாரணை முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் ஸ்டெல்லா சிஸ்டரும் நடந்தோம். உளுந்தூர்பேட்டை பஸ் நின்றிருந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நீங்க சொன்னத அப்பிடியே எழுதிட்டேண்ணே. ஒண்ணும் வுடல."

"செரியாத்தான் எழுதினீங்க சிஸ்டர்."

"இல்லண்ணே" என்றார். "நான் சிரிச்சேன். அத்த மட்டும் எழுதல."